கைபேசிக்குக் கடிவாளம்: தயங்கும் தில்லி

புது தில்லி:

மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர் உள்ளது. 2022-ஆம் ஆண்டு சுதந்திர தினத்தில் இவ்வூரார் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினர். மாலை 7 மணிக்கு ஊர்க் கோயிலில் சைரன் ஒலிக்கும். உடனே வீடுகளில் தொலைக்காட்சியும் கைபேசியும் அணைக்கப்பட வேண்டும். மாணவர்கள் பாடம் படிக்கலாம்; பெரியவர்கள் பேசிக் கொண்டிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் கழித்து மீண்டும் சைரன் ஒலித்த பிறகு கருவிகளை எடுத்துக் கொள்ளலாம். கரோனா காலத்தில் இணைய வழிப் பாடத்துக்காகப் பிள்ளைகளிடம் கொடுத்த கைபேசி, பள்ளிகள் திறந்த பின்னரும் கைவிட்டு இறங்கவில்லை என்பதே ஊராட்சியின் கவலை.

கருவியை நிறுத்தும்படி நினைவூட்ட, அந்தக் கருவிக்கு வெளியே, கோயிலில் வேறொரு கருவியைப் பொருத்த வேண்டியிருந்தது. கைபேசியைச் செய்தவர்களும் செயலிகளை எழுதியவர்களும் உள்ளேயே வைத்திருக்க வேண்டிய ஒன்றைத்தான் அந்தக் கிராமம் வெளியிலிருந்து வைத்துக் கொண்டது. இதை நிறுவனங்களின் பொறுப்பாக ஆக்குவதா, பயனாளரின் மன உறுதிக்கும் பெற்றோரின் கண்டிப்புக்கும் விட்டுவிடுவதா என்பதில் மத்திய அரசு இன்னும் தெளிவான நிலைப்பாட்டுக்கு வரவில்லை.

கவலை தெரிவிப்பதில் குறைவில்லை. 2025 ஜனவரியில் தாக்கலான பொருளாதார ஆய்வறிக்கை, இளைஞர்களின் மனநலத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் உள்ள தொடர்பைப் பேசியது. 2026 ஜனவரியில் தாக்கலான அடுத்த அறிக்கை ஒரு படி மேலே சென்று, வயதைச் சரிபார்ப்பதற்கும், வயதுக்கேற்ற அமைப்புகளைத் தொடக்கத்திலேயே வைத்திருப்பதற்கும் நிறுவனங்களையே பொறுப்பாக்க வேண்டும் என்றது. தானாக ஓடும் காணொலிகளையும் குறிவைத்த விளம்பரங்களையும் தனித்துக் குறிப்பிட்டது. ஆனால் பொருளாதார ஆய்வறிக்கை அறிவுரைதான், சட்டம் அல்ல. நிதி அமைச்சகத்தில் எழுதப்படும் பரிந்துரையை வேறு அமைச்சகம் நிறைவேற்ற வேண்டும். அந்த வேறு அமைச்சகம் எது என்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது.

முடிவில்லாப் பக்கம்

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. தொலைக்காட்சித் தொடருக்கு 'தொடரும்' என்ற அறிவிப்பு உண்டு. இணையத்திலும் ஒரு காலத்தில் பக்கத்தின் அடியில் 'அடுத்தது' என்ற பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. அழுத்துவதா வேண்டாமா என்று ஒரு விநாடி யோசிக்கவும் இடமிருந்தது. 2006-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ஏசா ராஸ்கின், கீழே நகர்த்த நகர்த்தப் பக்கம் தானே நீளும் முறையை உருவாக்கினார். பயனாளரின் வேலையைக் குறைப்பதே அவர் நோக்கம். பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்த ஒரு விநாடித் தயக்கம்தான் மனிதர்கள் எழுந்து போவதற்கான வாசலாக இருந்திருக்கிறது என்பது வாசலை அடைத்த பிறகே புரிந்தது.

இதனுடன் தானாகத் தொடங்கும் அடுத்த காணொலி, ஓயாமல் வரும் அறிவிப்பொலி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாதபடி கலைத்துப் போடும் வரிசை ஆகியவையும் சேர்ந்து கொண்டன. இவை தற்செயலாக அமைந்தவை அல்ல. விளம்பர வருவாயை நம்பிய தொழிலில், பார்வையாளர் தங்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம்.

இந்தத் தொழிலின் மிகப் பெரிய சோதனைக் களங்களுள் ஒன்று இந்தியா. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பிறகு இணையக் கட்டணம் சரிந்தது. திரையில் செலவிடும் நேரத்துக்கு அதுவரை இருந்த ஒரே இயற்கைத் தடை, அதாவது காசு, மறைந்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக் உள்பட 59 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. தேசப் பாதுகாப்பு என்ற கோணத்தில் எடுத்த முடிவு அது. குறுங்காணொலிப் பழக்கத்தை அது தொடவில்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தனது 'ரீல்ஸ்' வசதியை இந்தியாவில் கொண்டு வந்தது. செப்டம்பரில் யூடியூப் 'ஷார்ட்ஸ்' உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதனைக்கு வந்தது. கடை மாறியதே தவிர சரக்கு மாறவில்லை.

கிராமப்புறம் இதற்கு விலக்கல்ல. பிரதம் அமைப்பின் 2024-ஆம் ஆண்டு 'ஏசர்' ஆய்வின்படி, ஊரகப் பகுதிகளில் 14 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளில் 82 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் கல்வி தொடர்பான வேலைக்கு அதைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் சுமார் 76 சதவீதம்.

ஐந்து பேருக்கு மட்டும்

வடிவமைப்பை மாற்றினால் பழக்கம் மாறுமா? இதற்கு விடை தேடி வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. மிகத் தெளிவான சான்று இந்தியாவிலேயே, அதுவும் ஒரு பெருந்துயரத்தைத் தொடர்ந்து கிடைத்தது.

2018-ஆம் ஆண்டின் முற்பகுதியில், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வதந்தி வாட்ஸ்ஆப் வழியே மாநிலம் மாநிலமாகப் பரவியது. அவ்வாண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிர மாநிலம் துளே மாவட்டத்தின் ராயின்பாடா கிராமத்தில் ஐந்து பேரைக் கூட்டம் ஒன்று அடித்தே கொன்றது. வேறு மாநிலங்களிலும் அப்பாவிகள் உயிரிழந்தனர். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அந்த மாதத்திலேயே நிறுவனத்துக்கு இரு முறை எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

வாட்ஸ்ஆப் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து, நம்பத் தகாத செய்திகளை அடையாளம் காணும் முறைகளைப் பட்டியலிட்டது. அதனால் ஏற்பட்ட பலனை அளப்பது கடினம். ஆனால் அதே மாதத்தில் செய்த வேறொரு சிறிய மாற்றத்தின் பலன் எண்ணிக்கையில் தெரிந்தது. உலகில் வேறெந்த நாட்டினரையும்விட இந்தியர்களே அதிகமாகச் செய்திகளை மறுஅனுப்புகை செய்கின்றனர் என்று ஒப்புக் கொண்ட நிறுவனம், இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. படங்களுக்கும் காணொலிகளுக்கும் பக்கத்தில் இருந்த உடனடி மறுஅனுப்புகைப் பொத்தானையும் நீக்கியது. செய்திகளின் மறுஅனுப்புகை சுமார் 25 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே பின்னர் தெரிவித்தது. 2019 ஜனவரியில் அந்த வரம்பு உலகம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று வரம்பு மேலும் இறுக்கப்பட்டபோது, அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் சரிந்தது.

இந்த வரம்பை மீற முடியாது என்பதில்லை. அந்நாளில் ஒரு குழுவில் 256 பேர் இருக்கலாம். ஐந்து குழுக்கள் என்றால் ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல். மீண்டும் மீண்டும் ஐந்தைந்தாக அனுப்பவும் வழி இருந்தது. யாருடைய பேச்சுரிமையும் பறிக்கப்படவில்லை. கூடுதலாகச் சில விநாடி வேலை மட்டுமே சேர்ந்தது. நான்கில் ஒரு பங்கு மறுஅனுப்புகை அந்தச் சில விநாடிக்குக்கூடத் தகுதியற்றதாக இருந்திருக்கிறது.

எச்சரிக்கைப் பலகை

இதற்கு மாறான அனுபவம் மும்பையில் கிடைத்தது. பங்குச் சந்தையின் முன்பேர வணிகத்தில் சிறு முதலீட்டாளர்கள் கைபேசிச் செயலிகள் மூலம் பெருமளவில் இறங்கியபோது, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, 2023 ஜூலை முதல் ஓர் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. செயலிக்குள் நுழையும்போதே, இவ்வணிகத்தில் பத்தில் ஒன்பது பேர் நஷ்டமடைகின்றனர் என்ற வாசகம் திரையில் தோன்றும்; படித்ததாக ஒப்புக் கொண்டால்தான் உள்ளே செல்லலாம். ஒப்புக் கொண்டார்கள், உள்ளே சென்றார்கள். 2021-22-இல் சுமார் 51 லட்சமாக இருந்த தனிநபர் வணிகர்கள் 2023-24-இல் சுமார் 96 லட்சம் ஆயினர். மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தனர் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வு கூறியது. சிகரெட் பெட்டியின் மேல் உள்ள படத்தைப் போல, அந்த வாசகமும் விரைவிலேயே கண்ணில் படாத ஒன்றாகிவிட்டது.

அதன் பின்னரே செபி வணிகத்தின் அமைப்பில் கை வைத்தது. 2024 நவம்பர் முதல் ஒப்பந்தங்களின் குறைந்தபட்ச மதிப்பு உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ நாள்தோறும் ஏதாவதொரு ஒப்பந்தம் முடிவுக்கு வந்து பரபரப்பூட்டிய நிலைக்குப் பதிலாக, ஒரு சந்தைக்கு வாரம் ஒரு குறியீட்டு ஒப்பந்தம் என்ற வரம்பு வந்தது. அடுத்து வந்த மாதங்களில் தனிநபர் வணிகர்களின் எண்ணிக்கை முந்தைய ஆண்டின் அதே காலத்தைவிட 20 சதவீதம் குறைந்தது. நஷ்டமடைவோரின் விகிதம் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடிவமைப்பு கூட்டத்தைக் குறைத்தது. உள்ளே நின்றவர்களைக் காப்பாற்றவில்லை.

தமிழக அரசு இதே பாதையில் வேறொரு துறையில் நடந்து பார்த்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் வகுத்த விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை கதவடைத்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை தோன்ற வேண்டும். ஆடுபவர் தனக்குத்தானே பண வரம்பு வைத்துக் கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. வயது வந்தவர் எத்தனை மணிக்கு விளையாடுவது என்பதை அரசு முடிவு செய்யலாமா என்பது அவர்கள் கேள்வி. பொது நலன் கருதி விதிக்கும் நியாயமான கட்டுப்பாடே இது என்று கூறி, 2025 ஜூன் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் விதிமுறைகளை உறுதி செய்தது.

ஆனால் இந்தச் சோதனை நீண்ட நாள் நடக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை அடியோடு தடை செய்தது. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கின்றனர் என்று அரசுத் தரப்பு கூறியது. மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள், அதற்கடுத்த நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் என மூன்றே நாளில் எல்லாம் முடிந்தது. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக் கொண்டது. தடையின் தேவை குறித்து இரு கருத்து இருக்கலாம். நள்ளிரவுக் கதவடைப்பு எத்தனை பேரை உறங்க அனுப்பியது என்பதை அறியும் வாய்ப்பு போய்விட்டது என்பது மட்டும் நிச்சயம். மெதுவாக அளந்து திருத்தும் வழியைவிட, தலைப்புச் செய்தியாகும் தடையே தில்லிக்கு எளிதாக இருக்கிறது.

பணப்பையைக் காக்கும் சட்டம்

வடிவமைப்பு என்ற சொல்லையே இந்தியச் சட்டம் அறியாது என்று சொல்ல முடியாது. 2023 நவம்பர் 30-ஆம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகத் தளங்களின் ஏமாற்று வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை அறிவித்தது. 13 தந்திரங்கள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. 'இன்னும் இரண்டே அறைகள்தாம் உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் போடுவது, சேருவதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்கு ஒன்பது பக்கமும் வைப்பது, காப்பீடு வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது போன்றவை அவற்றில் அடங்கும். உலகில் வெகு சில நாடுகளே இந்த அளவுக்குப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டுள்ளன. 2025 ஜூனில், மூன்று மாதங்களுக்குள் தங்கள் தளங்களைத் தாங்களே தணிக்கை செய்யுமாறு நிறுவனங்களை ஆணையம் கேட்டுக் கொண்டது.

ஆயினும் பட்டியல் முழுவதும் பணப்பையைச் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. முடிவில்லாப் பக்கம் அதில் இல்லை. தானாக ஓடும் காணொலி இல்லை. 'நச்சரிப்பு' என்று ஒரு பிரிவு உண்டு. ஆனால் அதுவும் ஒரு பரிவர்த்தனையை நிகழ்த்தவும் வணிக ஆதாயம் பெறவும் செய்யும் தொந்தரவையே குறிக்கிறது. இரவு பதினொரு மணிக்கு ஒரு சிறுமியைத் திரைக்குத் திரும்ப அழைக்கும் அறிவிப்பொலியில் பரிவர்த்தனை ஏதும் இல்லை. பத்து ரூபாய் கூடுதலாகப் பறித்தால் கேட்பதற்கு ஓர் ஆணையம் உண்டு; இரண்டு மணி நேரத்தைப் பறித்தால் எங்கே முறையிடுவது என்று தெரியவில்லை.

மறுபுறம், 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் குழந்தைகள் விஷயத்தில் கடுமையாகவே பேசுகிறது. 18 வயதுக்குக் குறைந்தவரின் தரவைக் கையாள, சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கண்காணிப்பு இல்லாமல் ஒருவருக்கென்று தனியாகத் தொடுக்கப்படும் காணொலி வரிசையை அமைக்க முடியாது. எனவே இந்தப் பிரிவை எழுத்துக்கு எழுத்து நடைமுறைப்படுத்தினால், குழந்தைகளின் திரை இன்றைய வடிவில் இருக்க முடியாது. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் இதற்குப் பதினெட்டு மாத அவகாசம் அளித்தன. அதாவது 2027 மே வரை.

யார் கையில் எந்தக் கைபேசி

சட்டம் எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைபேசி உண்டு. பெரும்பாலான இந்திய வீடுகள் அப்படி இல்லை. தந்தையின் எண்ணில், தந்தையின் கணக்கில், தாயோ அண்ணனோ பூட்டைத் திறந்து கொடுத்த பிறகு பிள்ளை பார்க்கிறது. நிறுவனத்தின் கண்ணுக்கு அது நாற்பது வயது ஆண். இளையோருக்கான பாதுகாப்பு எதுவும் அந்தத் திரையில் இயங்காது.

பிரிட்டனின் அனுபவம் இங்கே கவனிக்கத் தக்கது. அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் வகுத்த, வயதுக்கேற்ற வடிவமைப்புக்கான நெறிமுறை 2021 செப்டம்பரில் முழு அளவில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் பெரிய நிறுவனங்கள் அடுத்தடுத்து மாற்றங்களை அறிவித்தன. 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் காணொலி தானாக ஓடுவதை யூடியூப் தொடக்க நிலையிலேயே நிறுத்தி வைத்தது. டிக்டாக் இரவு நேர அறிவிப்புகளை இளையோருக்கு நிறுத்தியது. தடையும் இல்லை, திரையை மூடவும் இல்லை. தொடக்க நிலை எது என்பது மட்டும் மாறியது. பெரும்பாலானோர் தொடக்க அமைப்பை மாற்றுவதே இல்லை என்பது நிறுவனங்களுக்கு நன்றாகத் தெரியும். 2018-இல் ஆப்பிளும் கூகுளும் திரை நேரத்தைக் கணக்கிடும் வசதியைக் கைபேசியிலேயே சேர்த்தன. ஆனால் நேர வரம்பை அமைப்புகளுக்குள் தேடிச் சென்று பயனாளரே வைத்துக் கொள்ள வேண்டும் என்று விட்டுவிட்டன.

இந்தியாவில் 2025 பிப்ரவரியில் இன்ஸ்டாகிராம் பதின்வயதினருக்கான தனிக் கணக்கைக் கொண்டு வந்தது. இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை அறிவிப்புகள் அடங்கியிருக்கும். ஒரு மணி நேரம் ஆனதும் வெளியேறும்படி நினைவூட்டும். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறுவனம் தன் விருப்பப்படி கொடுத்ததை விருப்பப்படி திரும்பப் பெறவும் முடியும். பொய்யான பிறந்த ஆண்டைப் போட்டவருக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

வயதைக் கறாராகச் சரிபார்க்கலாம் என்றால் வேறொரு தொல்லை. குழந்தை யார் என்று அறிய எல்லோருடைய அடையாளத்தையும் கேட்டாக வேண்டும். தனியுரிமையைக் காக்க வந்த சட்டம் ஆவணங்களைத் திரட்ட வைக்கும். பெற்றோரின் அடையாளத்தை டிஜிலாக்கர் போன்ற வழிகளில் உறுதி செய்யலாம் என்கின்றன விதிகள். தன் பெயரை எழுதக் கற்ற முதல் தலைமுறைத் தாய், பதினைந்து வயது மகனுக்காக அந்தப் படிகளைக் கடக்க வேண்டும். நடைமுறையில் மகனே தாயின் கைபேசியை வாங்கித் தனக்கு ஒப்புதல் கொடுத்துக் கொள்வான்.

மொழியும் ஒரு தடை. ஒப்புதல் கேட்கும் வாசகத்தை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளிலும் பெற வழி இருக்க வேண்டும் என்கிறது தரவுச் சட்டம். நேர வரம்பு வைக்கும் வசதிக்கு அப்படிப்பட்ட நிபந்தனை ஏதும் இல்லை.

ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்களைப் பெரிய சமூக ஊடகத் தளங்களில் இருந்து விலக்கியது. அதைப் பின்பற்றலாமா என்று ஆந்திரம், கோவா மாநில அமைச்சர்கள் 2026 ஜனவரியில் பேசினர். அதற்கு முன்பே, 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தடை கோரிய மனுவை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் விசாரிக்க மறுத்து, இது அரசின் கொள்கை சார்ந்த விஷயம் என்று கூறி மனுதாரரை மத்திய அரசிடம் முறையிடச் சொன்னது.

மத்திய அரசு என்றால் யார்? ஏமாற்று வடிவமைப்பு நுகர்வோர் விவகாரத் துறையிடம் உள்ளது. தரவு, மின்னணு அமைச்சகத்திடம். பள்ளியில் கைபேசி, கல்வி அமைச்சகத்திடமும் மாநிலங்களிடமும். குழந்தைகள், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடம். பழக்கத்தில் சிக்கியவர்கள் கடைசியில் வந்து சேர்வது சுகாதார அமைச்சகத்தின் வாசலில். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014-லேயே இதற்கென 'ஷட்' என்ற தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்ப்பதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இது நடந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' உதவி எண்ணான 14416-ஐயும் இதற்காக அழைக்கலாம். மருத்துவர்களிடம் வருவது, பழக்கம் முற்றிய பிறகுதான்.

அளவுக்கு மீறிய கட்டுப்பாடு சிறு நிறுவனங்களையே முதலில் நசுக்கும், பெரியவை வழக்கறிஞர்களை வைத்துச் சமாளிக்கும் என்பது தொழில் தரப்பின் வாதம். அதில் உண்மை இருக்கிறது. பயனாளரே விரும்பிப் பார்க்கிறார் என்பது இன்னொரு வாதம். அது அமெரிக்காவிலேயே சவாலுக்கு உள்ளாகிவிட்டது. 2023 அக்டோபரில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள், சிறார்களைப் பிடித்து வைக்கும் நோக்கில் தளங்களை வடிவமைத்ததாக மெட்டா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன.

தில்லியில் செய்யக் கூடியது புதிய சட்டம்கூட இல்லை. நுகர்வோர் ஆணையத்தின் 13 தந்திரங்களோடு நேரத்தைப் பறிக்கும் இரண்டு மூன்றைச் சேர்க்க ஓர் அறிவிக்கை போதும். 'பரிவர்த்தனை' என்ற சொல்லைச் சற்று விரித்துப் பொருள் கொள்ளலாம். குழந்தையா பெரியவரா என்று கேட்காமல், எல்லோருக்கும் இரவில் அறிவிப்பொலி அடங்கியிருப்பதையும் காணொலி தானாக ஓடாமல் இருப்பதையும் தொடக்க நிலையாக்கிவிட்டால், வயதுச் சான்றே தேவைப்படாது. தந்தையின் கைபேசியில் பார்க்கும் பிள்ளைக்கும் அது பொருந்தும். வேண்டுபவர் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிக் கொள்ளலாம். அந்த ஒரு பொத்தானால் எத்தனை நிமிடப் பார்வை குறையும் என்ற கணக்கு நிறுவனங்களிடம் இருக்கும். அதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் எந்த அமைச்சகத்துக்கு என்பதுதான் இன்னும் எழுதப்படவில்லை.